காத்தறைத் தோடி

எரேமியா செத்த பிறகும் நாலு மணி நேரம் ஆர்கனுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார் என்று கரோலின்புரத்தில் எல்லோரும் சொல்வார்கள். அது தப்பு. அவர் ஏழு மாதமும் பதினோரு நாளும் அடித்தார்; நான் நாட்காட்டியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்; வேறு யாரும் போடவில்லை என்பதால் போட்டேன், சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம்.

தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே, செம்மணல் மேடுகளான தேரி முடிந்து முருங்கைத் தோட்டம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கரோலின் என்ற வெள்ளைக்கார அம்மா தன் தேசத்திலிருந்து கப்பலில் வரவழைத்து, துறைமுகத்திலிருந்து ஏழு மாட்டுவண்டிகளில் ஏற்றி, ஒரு வண்டி மணலில் புதைந்து மூன்று நாள் கிடந்து, அப்படி வந்து சேர்ந்தது எங்கள் கோயில் ஆர்கன். முன்பக்கம் நின்று பார்த்தால் தங்கப் பூச்சுப் பூசிய இருபத்தொரு குழல்கள் வரிசையாக, தேவதூதர்கள் மாதிரி நிமிர்ந்து நிற்கும், அதைப் பார்த்துத்தான் கல்யாண வீட்டார் போட்டோ எடுப்பார்கள். ஆனால் அந்த இருபத்தொன்றில் பதினேழு ஊமை, அவற்றுக்குள் காற்றே போகாது, அழகுக்கு வைத்தது. சத்தம் போடுகிற குழல்கள் எல்லாம் பின்னால் இருட்டில், ஈயமும் மரமுமாக, தூசி படிந்து நிற்கின்றன, அவற்றை யாரும் போட்டோ எடுப்பதில்லை. அந்தக் குழல்களுக்கும் பின்னால் ஓர் அறை, இடுப்பு உயரத்துக்கு ஒரு கதவு, குனிந்துதான் போக வேண்டும், உள்ளே கட்டில் அகலத்துக்கு ஒரு தோல் துருத்தி, அதை ஏற்றி இறக்க ஒரு நீண்ட மரக் கைப்பிடி. அதுதான் காத்தறை. நடுவில் ஒருமுறை மோட்டார் வாங்கி வைத்தார்கள், இரண்டு மாதத்தில் புகைந்துபோயிற்று, பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஏனென்றால் ஆள் இருந்தது.

அந்த ஆள் எப்போதும் கீழத்தெருவிலிருந்துதான் வரவேண்டும். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே வாரத்தில், ஒரே கிணற்றுத் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவை. ஆனாலும் வாசிப்பது மேலத்தெரு, காற்றடிப்பது கீழத்தெரு. இது எங்கே எழுதியிருக்கிறது என்று நான் கோயில் ரெக்கார்டு முழுக்கத் தேடியிருக்கிறேன், எங்கும் எழுதியில்லை, எழுதியிருந்தால் அடித்துத் திருத்தலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி ஞானப்பாட்டு முடிந்து, ஆர்கன் வாசிக்கிற வில்ஃப்ரட் சார் கட்டைகளிலிருந்து கையை எடுத்தார், பெடலிலிருந்து காலை எடுத்தார், கண்ணாடியைக்கூடக் கழற்றிவிட்டார், ஒரு ஸ்வரம் மட்டும் நிற்கவில்லை. டி. ஜோடியாக நிற்கிற இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவில் இருக்கிற வெள்ளைக் கட்டை. ஆர்கனில் இப்படி நடப்பதுண்டு, மழைக்காலத்தில் மரம் உப்பி ஒரு கட்டை சிக்கிக்கொள்ளும், அந்த ஸ்வரம் ஊதிக்கொண்டே இருக்கும், காற்றடிக்கிறவர் கையை நிறுத்தினால் தானாக அடங்கும். ஆகவே எல்லோரும் காற்றடிக்கிறவர் மேல்தான் கோபப்பட்டார்கள்.

"எலேய் எரேமியா! பாட்டு முடிஞ்சிட்டுடே, போதும், விடு!" என்று முன் வரிசையிலிருந்து கத்தினார் கோயில் கமிட்டிச் செயலர் ஞானதிரவியம். அவர் என் அப்பா.

"வேலை செய்யச் சொன்னா செய்யமாட்டான், நிறுத்தச் சொன்னா நிறுத்தமாட்டான்" என்றது ஒரு குரல். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை மறைக்கப் போவதில்லை.

பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய்க் கறிச்சோறு சாப்பிட்டோம். கதவைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தக் கதவை மேலத்தெருக்காரர் யாரும் திறந்த வழக்கமே கிடையாது. மூன்று மணிக்கு அப்பாவைச் சாப்பிடக் காணோமென்று தேடி வந்த எரேமியாவின் மகள் தொற்காள்தான் குனிந்து உள்ளே போனாள். எரேமியா இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி, நெற்றியை அதன் மேல் சாய்த்து, மண்டியிட்டிருந்தார். கைப்பிடி அசையவில்லை. துருத்தி மட்டும் விளிம்புவரை நிறைந்து, ஓர் அங்குலம் இறங்காமல், அந்த ஒரே ஸ்வரத்தைத் தந்துகொண்டிருந்தது.

கீழத்தெருச் சாவுக்கு ஆர்கன் வாசிப்பதில்லை. காற்றடிக்க அந்த நேரத்தில் ஆள் கிடைக்காது என்று காரணம் சொல்வார்கள். இந்த முறை காற்று இருந்தது, கட்டையைத் தொடத்தான் ஆள் இல்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது, தேரிக்காடுவரைக்கும் டி கேட்டுக்கொண்டிருந்தது என்று போனவர்கள் சொன்னார்கள்.

முதல் நாள் ஊரில் யாரும் தூங்கவில்லை. இரண்டாம் நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினார்கள். மூன்றாம் வாரம் பஞ்சை எடுத்துவிட்டார்கள், இரண்டாம் மாதத்தில் அந்தச் சத்தம் இல்லாத ஊரில் அவர்களுக்குத் தூக்கம் வராமல் போயிற்று, திருப்பூருக்கு வேலைக்குப் போன நான்கு பேர் கண் சிவந்து திரும்பி வந்தார்கள். மீன்காரி தன் கூவலை டிக்கு இறக்கிக்கொண்டாள். மதியம் வரும் பஸ்ஸின் ஹாரன் ஒத்துவரவில்லை என்று பயணிகள் முகம் சுளித்ததால் டிரைவரே செலவழித்து வேறு ஹாரன் மாட்டினார். பக்கத்து ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வந்த நாதஸ்வரக்காரர், சுருதி பிடிக்கிற ஒத்து வாத்தியக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காற்று வரும் திசையில் முகத்தை வைத்து வாசித்தார். பிறக்கிற குழந்தைகள் அந்த ஸ்வரத்திலேயே அழுதன. சண்டைபோடுகிறவர்கள் குரல் உயர உயர அதிலேயே வந்து சேர்ந்துகொண்டதால், சண்டை பாட்டு மாதிரிக் கேட்டது, ஊரில் அமைதி பெருகிவிட்டதென்று போதகர் பிரசங்கத்தில் சொன்னார். மேலத்தெருவில் ஒரு வீட்டில் புருஷன் அடித்துப் பெண்டாட்டி அழுவதும் அதே ஸ்வரத்தில்தான் வந்தது, பக்கத்து வீட்டார் குடும்ப ஜெபம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கோயிலுக்குள்தான் சங்கடம். ஞானப்பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சுருதி உண்டு, டி ஓயாமல் ஒலிக்கும்போது வேறு சுருதியில் வாசித்தால் பல்லில் மண் கடித்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் கழித்துக் கழித்து, கடைசியில் டியில் அமைந்த இருபத்தாறு பாட்டு மிஞ்சியது. அடக்க ஆராதனைப் பாட்டு ஒன்றுகூட அதில் இல்லை. ஆகவே செத்தவர்களைக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி அடக்கம் செய்தோம், கொஞ்ச நாளில் அதற்கும் கண்ணீர் வரப் பழகிவிட்டது.

சென்னையிலிருந்து ஆர்கன் பழுதுபார்க்கிற ரொசாரியோ வந்தார். மெலிந்த, யாரையும் பார்த்துப் புன்னகைக்காத மனிதர். அந்த ஸ்வரத்தின் மரக்குழலையே கழற்றி பெஞ்சில் படுக்க வைத்தார், குழல் இருந்த துளையிலிருந்து சத்தம் வந்தது. துளையைத் தோல் வைத்து அடைத்தார், ஆர்கன் முழுவதிலிருந்தும் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

"மிஸ்டர் ஞானதிரவியம், இன்ஸ்ட்ருமென்ட்ல ஒரு கோளாறும் இல்லை. உங்க ஆள் இன்னும் வேலையை விடலை, அவ்வளவுதான்."

"அவனை அடக்கம் பண்ணியாச்சே."

"நீங்க பண்ணிட்டீங்க" என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

பழுது இல்லை என்றால் அற்புதம். கமிட்டி கூடி அதற்கு 'நித்திய ஸ்தோத்திரம்' என்று பெயர் வைத்தது. வெளியூரிலிருந்து வேன் பிடித்து ஜனம் வந்தது, நோயாளிகள் ஊமைக் குழல்களைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வாசலில் பளிங்குக்கல் ஒன்று பதித்தார்கள், கரோலின் அம்மாவின் விசுவாசத்தால் இந்த நாதம் ஓயாமல் ஒலிக்கிறது என்று அதில் வெட்டியிருந்தது.

"அப்பா, எரேமியா பேரு எங்க?"

"கல்லுல எடம் இல்லட்டி."

"கரோலினம்மா புருஷன் பேரு இருக்கே, அவரு ஆர்கனைத் தொட்டதுண்டா?"

"யூனிவர்சிட்டில படிக்கதை அங்கயே வச்சிட்டு வா. வீட்டுக்கு வந்து கேள்வி கேக்காத."

வீட்டிலும் கேட்கக் கூடாது, கோயிலிலும் கேட்கக் கூடாது என்றால், கேள்வி கேட்பதற்கென்று தனியாக ஒரு கட்டடம் கட்டி அரசாங்கம் எங்களை அதற்குள் அடைத்து வைத்திருக்கிறதா என்று கேட்டேன். அதற்கு அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள்.

வில்ஃப்ரட் சார் ஐந்தாம் மாதத்தில் விலகிக்கொண்டார். நாற்பது வருஷம் வாசித்தவர், கீர்த்தனைகளை ஆர்கனில் வாசிக்கவே மாட்டேன் என்றவர், இது ஆங்கில வாத்தியம் இதற்கு ராகம் கீகம் எல்லாம் ஏறாது என்றவர். அந்த ஒற்றை ஸ்வரம் தன் எல்லா ஸ்வரக் கோர்வைகளுக்கும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது, யாரோ தோளுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அவருக்குப் பதில் வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் ஒரே ஆராதனையோடு போய்விட்டார்கள். ஆர்கன் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

அப்போதுதான் தொற்காள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிளஸ் டூ வரை என்னோடு படித்தவள், கணக்கில் என்னைவிட அவளுக்குத்தான் மார்க். நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன், அவள் முருங்கைக்காய்க் கமிஷன் கடையில் எடைபோடப் போனாள். அன்றைக்குப் பக்கவாட்டுச் சந்து வழியாக வராமல் நேரே முன்வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஆர்கன் வாசிக்க ஆள் தேடுதியளாம். நான் வாசிப்பேன்."

அப்பா பேப்பரை மடக்கினார். அவர் காதில் முதலில் விழுந்தது வாசிப்பேன் என்றது அல்ல, அண்ணாச்சி என்றதுதான். கீழத்தெருவில் எல்லோரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யாருட்டி உனக்குச் சொல்லித் தந்தது?"

"யாரும் சொல்லித் தரல. குச்சியைப் பாத்துப் படிச்சேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஆர்கனில் ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஒரு மெல்லிய மரக்குச்சி உண்டு. வாசிக்கிறவர் முன்னால் கட்டையை அழுத்த, பின்னால் குச்சி இழுபட்டு, குழலின் வாய் திறக்கும். காத்தறையில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்தக் குச்சிகள் அத்தனையும் தெரியும், எந்தப் பாட்டுக்கு எந்தக் குச்சி எப்போது துள்ளும் என்பது தெரியும். ஆறு வயதிலிருந்து தன் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனவள் அதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தாள். வீட்டில் ஒரு பலகையில் கரியால் கட்டைகளை வரைந்து, சத்தமே இல்லாமல், பத்து வருஷம் அதில் கையைப் பழக்கினாள். புத்தகத்தின் அத்தனை பாட்டும் அவள் விரலில் இருந்தது. ஒன்றைக்கூட அவள் காதில் கேட்கும்படி வாசித்துப் பார்த்ததில்லை.

என் அப்பா சரியென்றார். நல்ல மனதால் இல்லை. வராது, எல்லார் முன்னாலும் வராமல் போகட்டும், அதோடு இந்தப் பேச்சு முடியும் என்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஊரே கோயிலில் இருந்தது. கீழத்தெரு பின்வரிசையில், மேலத்தெரு முன்வரிசையில், வில்ஃப்ரட் சார் தூணுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு. கீழத்தெருப் பையன்கள் ரெண்டு பேர் காற்றடிக்கப் போனார்கள், துருத்தி வழக்கம்போல நிறைந்துதான் இருக்கிறது என்று திரும்பி வந்தார்கள். தொற்காள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, மிஞ்சியிருந்த இருபத்தாறில் ஒன்றை, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு துதிப் பாட்டை, எடுத்தாள்.

முதல் கோர்வையிலேயே அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். மேலே கேட்க வேண்டியது கீழே கேட்டது. பின்னாலிருந்து பார்க்கிறவளுக்குத் தாழ்ந்த குச்சிகள் வலப்பக்கம், உயர்ந்தவை இடப்பக்கம். அப்படித்தான் பலகையில் வரைந்தாள், அப்படித்தான் பத்து வருஷம் பழகினாள். முன்னால் வந்து உட்கார்ந்தால் எல்லாம் இடம் வலம் மாறிக் கிடக்கும் என்று அவளுக்கு யார் சொல்ல? அவளை யார் முன்னால் விட்டார்கள்? பழகிய கைக்கு நிறுத்தத் தெரியவில்லை, அல்லது அவள் நிறுத்த விரும்பவில்லை. பாட்டு ஏறவேண்டிய இடத்திலெல்லாம் இறங்கியது, இறங்க வேண்டிய இடத்திலெல்லாம் ஏறியது, மெட்டு அடிக்குழல்களில் போய்ப் புரண்டது. ஆர்கனின் வெள்ளைக் கட்டைகளில் டி மட்டும்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுப்பும் வெள்ளையும் கொண்ட இடம், முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் டி டிதான். அந்த ஒன்றில் காலை ஊன்றிக்கொண்டு மற்ற எல்லாம் கவிழ்ந்தன. எரேமியாவின் ஸ்வரம் தம்புரா மாதிரி அடியில் நிற்க, அதன் மேல் எங்கள் ஊர் நூற்றைம்பது வருஷமாகச் சிரித்த முகத்தோடு பாடிய துதிப் பாட்டு, அப்பழுக்கில்லாத தோடி ராகமாக எழுந்து வந்தது.

பின்வரிசையில் ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் வில்ஃப்ரட் சார் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நாப்பது வருஷமா இதைத்தான் நான் வாசிச்சிருக்கேன்" என்றார். "அந்தப் பக்கத்துக்கு இது இப்படித்தான் இருந்திருக்கு."

எல்லோரும் அழுதார்கள். அப்பாகூடக் கர்ச்சீப் எடுத்தார், அதை நான் சும்மா சொல்லவில்லை, ஈரமாக இருந்தது. நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? முடிந்தது, ஜெயித்தாயிற்று, இனிமேல் அவள் அந்தப் பெஞ்சிலிருந்து எழும்ப வேண்டியதில்லை என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கு அழுவது எவ்வளவு எளிது என்பதை மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. வாசிப்பு அருமை, அதில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஆனால் பாட்டு தலைகீழாக வருகிறது. பிறகு, பெஞ்சு பலிபீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, மேலத்தெருக் கல்யாணம் எல்லாம் அதற்கு முன்னால்தான் நடக்கிறது, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழியை அப்பா கண்டுபிடித்தார், அவர் மூளைக்காரர். காத்தறைக்குள் இன்னொரு கட்டை வரிசை வைத்து, அதே குச்சிகளோடு இணைத்துவிட்டால், அவள் பழகிய பக்கத்திலிருந்தே வாசிக்கலாம். பாட்டும் நேராகிவிடும், ஆளும் கண்ணில் படமாட்டாள். ரொசாரியோவை மறுபடி வரவழைத்தார்கள்.

"செய்யலாம்" என்றார் அவர். "ஆனா எதுக்கு? ஒரு மாசம் பழகினா அந்தப் பொண்ணு முன்னாலேயே நேரா வாசிக்குமே." அதை யாரும் மினிட்ஸில் எழுதவில்லை.

அப்பா தொற்காளைக் கோயில் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டனுப்பினார். நானும் போனேன், போகாதே என்றார், போனேன்.

"நல்ல செய்தி பிள்ள. நீதான் இனிமே ஆர்கனிஸ்ட். லெட்டர் அடிச்சாச்சு."

"முன்னால உக்காந்தா என்ன அண்ணாச்சி?"

"பாட்டு கவுந்துல்லா வருது."

"ஒரு மாசம் குடுங்க, கையை மாத்திக்கிடுதேன்."

"அதுவரைக்கும் சபை என்ன செய்யும்? உன் நன்மைக்குத்தான் சொல்லுதேன். உள்ள ஃபேன் போட்டுத் தாரோம்."

"எங்கப்பாவுக்கு ஃபேன் போடலியே."

"உங்கப்பா கேக்கலியே" என்றார் என் அப்பா, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு.

அவர் போன பிறகு நான் தொற்காளின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாதே, பேராயருக்கு எழுதுவோம், பத்திரிகைக்கு எழுதுவோம், கோர்ட்டுக்குப் போவோம் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"நீ சொல்லுவ. உனக்கு உக்கார பெஞ்சு இருக்கு."

விவாதப் போட்டிகளில் நான் வாங்கிய கோப்பைகள் வீட்டில் ஒன்பது இருக்கின்றன.

புதுக் கட்டைகள் வைத்து முடித்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மணியடித்து ஜனம் நிறைந்த பிறகு, தொற்காள் வந்தாள். கடைக்குப் போகிற அதே நீலச் சுடிதார், தோளில் ஒரு பை. பின்பக்கமாகச் சுற்றி வரவில்லை, பெரிய வாசல் வழியாக உள்ளே வந்து, நடுப்பாதையில் நடந்து, முன்வரிசைகளைத் தாண்டி, ஆர்கனைச் சுற்றிக்கொண்டு அந்த இடுப்பு உயரக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். குனியவில்லை. தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அப்பா, வாங்க. போவோம்."

ஏழு மாதமாக ஓரிடத்தில் நின்ற ஸ்வரம் அசைந்தது. முதலில் காத்தறையிலிருந்து வெளியே வந்தது, பிறகு பெஞ்சுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தயங்கியது, பிறகு அவளுக்குப் பின்னால் நடுப்பாதையில் வந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், யாரோ வேட்டி உரசப் போவதுபோல, கால்களை மடக்கி வழிவிட்டார்கள். ஆர்கனுக்குள் துருத்தி பெருமூச்சோடு இறங்கி மடிந்த சத்தம் கேட்டது.

அப்பா பாதி எழும்பினார். "ஏட்டி, எங்க கொண்டுபோற?"

"நான் கொண்டுபோகல அண்ணாச்சி. அவரு வாராரு."

தேரிக்காட்டு ரோட்டில் அந்த டி நடந்து போவதைக் வாசல் நிறைய நின்று கேட்டோம். பஸ் வந்தது. கண்டக்டர் அவளைப் பார்த்தார், அவளுக்குப் பக்கத்தில் பார்த்தார், கேளாமலே இரண்டு டிக்கெட் கிழித்தார். பஸ் முருங்கைத் தோட்டம் தாண்டியதும் சத்தம் தேய்ந்து போயிற்று. மதுரையில் ஒரு தையல் கம்பெனியில் முப்பது மிஷின்களும் ஒரே சுருதியில் ஓடுகின்றன என்று பிறகு ஒருவர் வந்து சொன்னார், கம்பெனிப் பெயர் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு ஊரில் யாராலும் பாட முடியவில்லை. ஆளுக்கொரு சுருதியில் எடுத்து, ஆளுக்கொரு இடத்தில் விட்டார்கள். மீன்காரிக்குக் கூவ வரவில்லை. ஒரே நாளில் மூன்று அடிதடி. மேலத்தெருவில் அந்த வீட்டில் கேட்பது அழுகைதான் என்பது முதல்முறையாக எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது, கேட்டவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்.

"என்ன காணாமப் போச்சு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"சத்தம் சார். கோயில் சொத்து."

"அடையாளம் சொல்லுங்க. நீளம், அகலம்?"

அப்பா இரண்டு கையையும் விரித்து ஏதோ காட்டப் பார்த்து, விட்டுவிட்டார். சத்தத்துக்குப் படிவத்தில் இடம் இல்லாததால் ஒலிபெருக்கி என்று எழுதிக்கொண்டார்கள்.

வேன்கள் வருவது நிற்கவில்லை, அதுதான் கமிட்டியின் கவலை. பத்து நாளில் அப்பா தூத்துக்குடியிலிருந்து ஒரு எலக்ட்ரானிக் கீபோர்டு வாங்கி வந்து காத்தறைக்குள் வைத்து, டி கட்டையின் மேல் அரைச் செங்கல் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்தார். நித்திய ஸ்தோத்திரம் மறுபடி கேட்டது. ஜனம் வந்து முழங்கால் போட்டது.

"அப்பா, அது கீபோர்டு."

"தெரியும்."

"ஊருல எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் எதைக் கும்புடுதாங்க?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். அதில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால்கூட எனக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

"சத்தம் வருதுல்லாட்டி?" என்றார்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை நடுவில், நான் எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்து குனிந்து உள்ளே போனேன். மண்டியிட்டால்தான் பிளக் எட்டும், மண்டியிட்டேன். மேலே குச்சிகள் சிலந்தி வலையோடு அசையாமல் நின்றன, குழல்களுக்கு நடுவே விரல் அகலத்து இடுக்கில் சபையின் முன்வரிசை தெரிந்தது. பாட்டின் இரண்டாம் சரணத்தில் பிளக்கைப் பிடுங்கினேன். டி நின்றது. கோயில் முழுக்க அந்தச் சத்தம் அறுந்தது எனக்கு அவ்வளவு பெரிதாகக் கேட்டது, இப்போது திரும்புவார்கள், இப்போது ஒருவராவது தலையைத் தூக்குவார் என்று இடுக்கில் கண்ணை வைத்துக் காத்திருந்தேன்.

மூன்றாம் சரணம் பாடினார்கள். நான்காம் சரணமும் பாடினார்கள், ஆளுக்கொரு சுருதியில், உற்சாகமாக. அப்பா கண்ணை மூடி, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்.